ஐடா வெல்ஸ் அம்மையார்

சிகாகோ என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவது, 1893ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அந்நகரில் கூடிய சர்வ சமயப் பேரவையும், அதில் அநகாரிக தர்மபாலர் புத்த தருமத்தை எடுத்துரைத்த காட்சியுமேயாகும். கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த நானூறாவது ஆண்டின் நினைவாக அங்கு நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டியே அப்பேரவை கூட்டப்பெற்றது. அதே கண்காட்சியின் திடலில், ஹெய்ட்டி நாட்டு மண்டபத்தில், ஒரு மேசையின் முன் அமர்ந்து, வருவோர்க்கெல்லாம் சிறு நூல் ஒன்றை வழங்கி வந்தார், முப்பத்தொரு வயதுடைய கறுப்பினப் பெண்மணி ஒருவர். அந்நூலில் பதினாயிரம் படிகள் அவ்வாறு வழங்கப்பட்டன. தம் உழைப்பால் அமெரிக்க நாட்டை வளப்படுத்திய கறுப்பின மக்களுக்கு அந்நாட்டுக் கண்காட்சியில் ஏன் இடமில்லை என்பதே அதன் பொருள். சொந்த நாடு இடந்தர மறுத்தமையால் அயல்நாட்டு மண்டபத்தில் அமர்ந்து அதனைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்பெண்மணியின் பெயர் ஐடா வெல்ஸ்.

மிசிசிப்பி மாநிலத்தில் ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் 1862ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் தச்சர், தாய் எலிசபெத் சமையற்காரி, இருவரும் அடிமைகள். ஆகவே பிறந்த குழந்தையும் சட்டப்படி இன்னொருவரின் உடைமையே. அடிமைத்தனம் ஒழிந்தபின் தந்தை தமக்கெனத் தொழில் நடத்தி, கறுப்பின மக்களுக்காக அவ்வூரில் தொடங்கப்பெற்ற கல்லூரியின் அறங்காவலருள் ஒருவராகவும் விளங்கினார். தாயோ பிள்ளைகளுடன் தானும் பள்ளிக்குச் சென்று எழுத்தறிந்தார்.

1878இல் மஞ்சள் காய்ச்சல் அவ்வட்டாரத்தைச் சூறையாடியது. பாட்டியின் ஊரிலிருந்த பதினாறு வயது ஐடாவுக்கு, பெற்றோர் இருவரும் கைக்குழந்தையான தம்பியும் இறந்தனர் என்ற செய்தி எட்டிற்று. பயணிகள் வண்டிகள் ஓடவில்லை. சரக்கு வண்டி ஒன்றில் ஏறிக்கொண்டார். அவ்வண்டியின் பணியாளர் பெட்டி, நோய்க்கு இரையான ஊழியர் இருவரின் நினைவாகக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. ஊருக்குப் போவது தவறு என்று தடுத்த வண்டிக்காரரிடம், அவர் மட்டும் ஏன் வண்டியை ஓட்டுகிறார் என்று வினவினார். யாரேனும் ஒருவர் ஓட்டித்தானே ஆக வேண்டும் என்றார் அவர். தாம் வீட்டுக்குப் போவதும் அதே காரணத்தால்தான் என்று ஐடா விடையிறுத்தார்.

தந்தையின் நண்பர்கள் கூடி, எஞ்சிய பிள்ளைகளை ஆளுக்கொருவராகப் பங்கிட்டு வளர்க்கத் தீர்மானித்தனர். முதுகு வளைந்து நடக்க இயலாதிருந்த தங்கையை மட்டும் ஏற்பாரில்லை. அவளை ஏழைகள் விடுதிக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. ஐடா எழுந்து, ஒருவரையும் பிரிக்க விடமாட்டேன், ஐவரையும் நானே காப்பேன் என்று கூறிவிட்டார். பாவாடையைக் கணுக்கால்வரை நீட்டித் தைத்துக்கொண்டு, வயது வந்தவர்போல் தோற்றி, மாதம் 25 டாலர் ஊதியத்தில் கிராமப் பள்ளி ஆசிரியையானார். வார முடிவில் கோவேறு கழுதைமேல் ஆறு மைல் வந்து வீட்டு வேலைகளைச் செய்து திரும்புவார்.

சில ஆண்டுகளில் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகருக்கு அருகே வேலை கிடைத்தது. நாள்தோறும் ரயிற்பயணம். ஒருநாள் பெண்களுக்கான பெட்டியில் உரிய சீட்டுடன் அமர்ந்திருந்தவரை, புகைபிடிப்போர் பெட்டிக்குப் போகுமாறு கண்டக்டர் பணித்தார். அம்மையார் மறுத்தார். கையைப் பற்றி இழுத்தவரின் கையைக் கடித்தும்விட்டார். மூன்று ஆடவர் சேர்ந்து அவரை வெளியேற்ற, பெட்டியிலிருந்த வெள்ளையர் சிலர் இருக்கைமேல் ஏறி நின்று கைதட்டினர். அவர் கம்பெனியின்மேல் வழக்குத் தொடுத்தார். 1884 டிசம்பரில் கீழ் நீதிமன்றம் 500 டாலர் இழப்பீடு அளித்தது. 1887இல் மாநில உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளி, வழக்குச் செலவையும் அவர் தலையிலேயே சுமத்தியது. எழுந்து போ என்ற சொல்லைக் கேட்டறிந்த நம் வாசகர்க்கு இந்நிகழ்ச்சியை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வழக்கைப் பற்றித் தாமே எழுதியதிலிருந்து அவரது பத்திரிகை வாழ்வு தொடங்கிற்று. 1889இல் மெம்ஃபிஸில் நடைபெற்ற ஃப்ரீ ஸ்பீச் என்னும் வார ஏட்டில் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் சேர்ந்தார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் இருந்த கேட்டை அதில் எழுதியதற்காக 1891இல் ஆசிரியை வேலை பறிக்கப்பட்டது. அதன்பின் ஏடே அவருக்கு வாழ்வாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் பிறர் படிக்கக் கேட்பதற்காக அதனை வாங்குவதும், விற்போர் வேறு ஏட்டைக் கொடுத்து அவர்களை ஏமாற்றுவதும் கண்டு, ஏட்டை இளஞ்சிவப்புத் தாளில் அச்சிடச் செய்தார். நிறத்தைப் பார்த்தே தங்கள் ஏட்டை அவர்கள் கேட்டு வாங்கினர். பத்திரிகை நடத்துவோராகிய நாம் இதனைப் படித்துப் பெரிதும் வியந்தோம்.

இனி, அவர் வாழ்வைத் திருப்பிய துயரத்துக்கு வருவோம்.

அக்காலத்துத் தென் மாநிலங்களில் லிஞ்சிங் என்றொரு கொடுமை நடைபெற்று வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவனை, சிலவேளை குற்றமே சாட்டப்படாதவனை, கும்பல் ஒன்று பிடித்து, விசாரணையின்றித் தூக்கிலிட்டோ சுட்டோ எரித்தோ கொல்வது அது. இதைப் பற்றி அந்நாட்டில் பேச்சே இல்லாமலில்லை. நிறையவே பேசினர். ஆனால் அப்பேச்சு முழுதும் ஒரே கதையாக இருந்தது: கறுப்பன் ஒருவன் வெள்ளைப் பெண்ணைக் கெடுத்தான், சினங்கொண்ட மக்கள் பொறுக்கமாட்டாமல் அவனைக் கொன்றனர் என்பதே அக்கதை. செத்தவன் மறுத்துரைக்க வரமாட்டான். வடக்கிலிருந்த நல்லோரும் முறை தவறு, ஆத்திரம் இயல்பு என்று பேசி அமைந்தனர். இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஐடா வெல்ஸ் அம்மையாரும் அதுவரை அக்கதையையே நம்பியிருந்தார். சட்டத்துக்குப் புறம்பானதாயினும் அக்கொலைகளுக்குப் பின்னால் ஏதோ ஒரு கொடுங்குற்றம் இருக்கும் என்றே தாம் எண்ணியிருந்ததைப் பிற்காலத்தில் அவர் ஒளிக்காது எழுதி வைத்தார்.

தாமஸ் மோஸ் என்பவர் மெம்ஃபிஸ் நகரத் தபால்காரர். அம்மையாரின் நெருங்கிய நண்பர். அவர் மகளுக்கு அம்மையாரே ஞானத்தாய். மோஸும் நண்பர் சிலரும் பங்குப் பணம் போட்டு, டிராம் பாதை வளைந்து திரும்பும் இடமாதலால் வளைவு என்றே பெயர் பெற்ற பகுதியில், மக்கள் மளிகைக் கடை என்றொரு கடையைத் தொடங்கினர். அங்கு ஏற்கெனவே ஒரு வெள்ளையரின் மளிகைக் கடை இருந்தது. போட்டி மூண்டது. 1892 மார்ச்சுத் தொடக்கத்தில் சிறுவர்கள் கோலிக்குண்டு விளையாட்டில் இட்ட சண்டை பெரியோர் சண்டையாக வளர்ந்தது. கடையைத் தாக்க வருகின்றனர் என்ற பேச்சுப் பரவியதால் கடைக்காரர்கள் காவல் வைத்தனர். சனிக்கிழமை இரவு ஆயுதந்தாங்கிய வெள்ளையர் பின்வாயில் வழியாக நுழைய, உள்ளிருந்தோர் சுட, மூவர் காயமுற்றனர். வந்தவர்கள் காவல் அதிகாரிகள் என்று பின்னர்ச் சொல்லப்பட்டது. காயமுற்ற மூவரும் பிழைத்துக்கொண்டனர். ஆயினும் மார்ச்சு 9ஆம் நாள் விடியுமுன் முகமூடி அணிந்த கும்பல் ஒன்று சிறைக்குள் புகுந்து, மோஸ், கால்வின் மக்டவல், வில் ஸ்டுவர்ட் ஆகிய மூவரையும் இழுத்துச் சென்று, நகருக்கு வெளியே ரயில் பாதையோரம் சுட்டுக் கொன்றது. மனைவிக்காகவும் பிறக்கவிருக்கும் குழந்தைக்காகவும் மோஸ் உயிர்ப்பிச்சை கேட்டாரென்றும், நம் மக்களை மேற்கே போகச் சொல்லுங்கள், இங்கு நீதியில்லை என்று இறுதியாகக் கூறினாரென்றும் அன்றைய செய்தித்தாள்களே எழுதின. இவ்வளவு விவரம் தாள்களுக்கு எவ்வாறு கிடைத்தது என்று அம்மையார் கேட்டார். கொலைகாரர் யாரென்று தெரியவில்லை என்பதே அரசினரின் முடிவு. ஒருவர்மீதும் வழக்கில்லை. கடையின் சரக்கு ஏலத்திற்குப் போயிற்று.

அம்மையார் அப்போது வெளியூரில் இருந்தார். அவர் திரும்புமுன் அடக்கமும் முடிந்துவிட்டது. மோஸைப் பற்றி அவர் எல்லாமறிவார். அம்மனிதர் எந்தப் பெண்ணையும் தீண்டியவரல்லர். செய்த குற்றம் நாணயமாக மளிகை விற்றது ஒன்றே. ஆயின், இத்தனை ஆண்டுகளாகத் தாம் படித்து நம்பிய மற்றக் கதைகள் எத்தகையன? இந்த வினாவே அவரது பிற்கால வாழ்வு முழுவதுக்கும் வித்தாயிற்று.

உயிரையும் உடைமையையும் காக்காத இந்நகரைவிட்டு நீங்குங்கள் என்று அவர் தம் ஏட்டில் எழுதினார். ஆயிரக்கணக்கானோர் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு ஓக்லஹோமாவுக்குப் புறப்பட்டனர். சில சபைகள் போதகருடன் கூண்டோடு வெளியேறின. அங்கே பட்டினியும் பாம்புமே இருக்குமென்று வெள்ளையர் தாள்கள் அச்சுறுத்தின. அம்மையார் தாமே சென்று மூன்று வாரம் சுற்றிப் பார்த்து, கண்டதைக் கண்டவாறு எழுதி அனுப்பினார். இருந்தோர் டிராம் வண்டியில் ஏறுவதை நிறுத்தினர். வீட்டு வேலைக்கும் சந்தைக்கும் நடந்தே சென்றனர்.

கொலை நிகழ்ந்து ஆறு வாரம் சென்றபின் டிராம் கம்பெனியின் மேலதிகாரியும் பொருளாளரும் ஃப்ரீ ஸ்பீச் அலுவலகத்துக்கு வந்தனர். வெள்ளைக் கனவான்கள் அவ்வாயிலை மிதித்தது சாதாரணமன்று. கறுப்பின மக்கள் வண்டியில் ஏறாததால் நட்டம் உண்டாகிறது. மின்சாரத்தைக் கண்டு அவர்கள் அஞ்சுவதாகத் தெரிகிறது. அஞ்ச வேண்டாமென்று ஏட்டில் எழுதி உதவ வேண்டும் என்றனர். மின்சாரம் வந்து ஆறு மாதத்துக்கு மேலாயிற்றே, கூட்டம் குறைந்தது எப்போது முதல் என்று அம்மையார் கேட்டார். ஆறு வாரமாக என்றனர். மூவர் கொலையுண்டதும் ஆறு வாரத்துக்கு முன்புதான் என்று அவர் நினைவூட்டினார். கம்பெனி வடநாட்டு முதலாளிகளுடையது, கொலைக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்றனர் வந்தோர். நடத்துவோர் இவ்வூரார்தாமே என்று அம்மையார் மறுமொழி பகர்ந்தார். நல்லவர்கள் கொலைகாரரைக் கண்டித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதனை எம்மக்கள் மறக்கவில்லை என்று எடுத்துரைத்தார். அவ்வுரையாடலை அப்படியே ஏட்டில் வெளியிட்டு, அடுத்த ஞாயிறன்று பெருங்கோயில்கள் இரண்டுக்குச் சென்று, நடப்பதை விடாதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்.

இந்தச் சிறு உரையாடலை நாம் பெரிதாக மதிக்கிறோம். மூன்று பிணங்கள் விழுந்தபோது வாயிலுக்கு வாராத கனவான்கள், சில்லறை குறைந்தபோது வந்தனர். பிணங்களைப் பற்றிப் பேச அவர்கள் வரவில்லை. மின்சாரத்தைப் பற்றிப் பேசவே வந்தனர். அவர்களைப் பிணங்களைப் பற்றிப் பேச வைத்தவர் அம்மையார்.

அவர் அக்காலத்தில் கைத்துப்பாக்கி ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டார். கறுப்பினத்தார் வீடுதோறும் துப்பாக்கி இருத்தல் வேண்டுமென்றும் எழுதினார். பஞ்சசீலம் ஏற்ற நாம் இதனைப் போற்றிக் கூறுதற்கில்லை, மறைத்தற்குமில்லை. சட்டம் காக்காத ஊரில் தனியே வாழ்ந்த பெண்ணின் செயலென்று கண்டு மேலே செல்வோம்.

கொலைச் செய்திகள் வெளிவந்த ஊர்களுக்கு அவர் நேரிற் சென்று விசாரிக்கத் தொடங்கினார். கெடுத்தான் என்று எழுதப்பட்ட இடங்கள் சிலவற்றில் இருவர் உள்ளமும் ஒத்த உறவே இருந்தது. பல இடங்களில் பெண் பேச்சே இல்லை. 1892 மே 21ஆம் நாள் ஏட்டில், அந்தப் பழைய பொய்யை இனி யாரும் நம்பமாட்டார் என்றும், மேலும் அதனைச் சொல்லிக்கொண்டிருந்தால் வெள்ளை மாதர்களின் நற்பெயர்க்கே இழுக்காக முடியுமென்றும் ஒரு சிறு குறிப்பு எழுதிவிட்டு, பிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்குச் சென்றார். அங்கிருந்து நியூயார்க்கு சேர்ந்தபோது செய்தி காத்திருந்தது. மெம்ஃபிஸில் கும்பல் திரண்டு அலுவலகத்தை அழித்துவிட்டது. கூட்டாளி ஊரைவிட்டு ஓடிவிட்டார். அம்மையார் திரும்பினால் கொல்வதற்கு ரயில் நிலையத்தில் ஆட்கள் நிற்கின்றனர். குறிப்பை எழுதியவர் ஆடவர் என்றே வெள்ளையர் தாள்கள் எண்ணி, அவருக்குச் செய்யப்போகும் சித்திரவதைகளை வெளிப்படையாக அச்சிட்டிருந்தன.

திரும்பவில்லை. நியூயார்க்கு ஏஜ் என்னும் கறுப்பினத்தார் ஏடு இடங்கொடுத்தது. ஜூன் 25ஆம் நாள் பெயர், நாள், ஊர் அனைத்தும் குறித்து அவர் எழுதிய நெடுங்கட்டுரை அதில் வந்தது. பதினாயிரம் படிகள் பரவின. ஆயிரம் படிகள் மெம்ஃபிஸ் தெருக்களிலேயே விற்றன. அவர் கையாண்ட முறை புதுமையானது. கறுப்பினத்தார் சொல்லும் சாட்சியை நம்பமாட்டார்கள் என்பதறிந்து, வெள்ளையர் நடத்திய சிகாகோ டிரிப்யூன் முதலிய தாள்கள் வெளியிட்ட கணக்கையே எடுத்துக்கொண்டார். கும்பல்கள் கொன்ற 728 பேரில், பெண்ணைக் கெடுத்ததாகக் குற்றஞ்சாட்டவேனும் பட்டோர் மூன்றில் ஒரு பங்கினரே என்று அக்கணக்கிலிருந்தே காட்டினார். மற்றோர் வாய்த்தகராறு, கடன், திருட்டு என்ற சந்தேகம், சிலர் ஒன்றுமேயில்லாமல் மாண்டவர்.

அடிமையாய்ப் பிறந்து அம்மக்களின் தலைவராய் உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ் பெரியார் அக்கட்டுரையைப் படித்துவிட்டு அம்மையாரைக் காண வந்தார். அக்கதைகளில் உண்மை இருக்குமோ, தம்மவரிடம் ஒழுக்கம் குன்றிவிட்டதோ என்று தாமும் கலங்கத் தொடங்கியிருந்ததாக அம்முதியவர் ஒப்புக்கொண்டார். ஒரு பொய் நாடு முழுதும் ஓயாமல் சொல்லப்படுமானால், அதனால் கொல்லப்படுவோரின் தலைவரே அதனைப் பாதி நம்பிவிடுகிறார். நாம் தீண்டத்தகாதோரென்று பல நூற்றாண்டு கேட்டுக் கேட்டு, நம் முன்னோருள் எத்தனை பேர் தம்மைத் தாமே அங்ஙனம் எண்ணினர் என்பதை வாசகர் நினைத்துக்கொள்வர்.

அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் நியூயார்க்கு லிரிக் மண்டபத்தில் கறுப்பின மாதர்கள் அவருக்கு ஒரு கூட்டம் நடத்தினர். எழுதி வந்ததைப் படிக்கையில், இழந்த ஊரும் நண்பரும் நினைவுக்கு வர, கண்ணீர் பெருகிவிட்டது. மேடையில் அழுததற்காக அவர் நெடுநாள் வெட்கினார். கூடியிருந்தோர்க்கோ அக்கண்ணீரும் சான்றாயிற்று. எழுதுகோல் வடிவான பொன்னணி ஒன்றும் பணமுடிப்பும் அளித்தனர். அப்பணத்தால் கட்டுரை நூலாயிற்று.

1893இலும் 1894இலும் அவர் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் சென்றார். அழைத்தவர்களுள் ஒருவர் காதரின் இம்பே என்னும் ஆங்கில மாது. அவர் 1888 முதல் நடத்தி வந்த ஏட்டின் பெயரைக் கேட்டால் நம் வாசகர் நிமிர்ந்து உட்காருவர். ஆன்டி-காஸ்ட், அதாவது சாதி எதிர்ப்பு என்பதே அதன் பெயர். அமெரிக்க நிறபேதத்தைக் குறிக்க, இந்நாட்டின் நோய்க்குரிய சொல்லையே அவர் எடுத்துக்கொண்டார். உடனிருந்து அழைத்தவர் இசபெல்லா மேயோ என்னும் ஸ்காட்லாந்து எழுத்தாளர். அவர் வீட்டில் இலங்கையிலிருந்து வந்து பல் மருத்துவம் பயின்ற ஃபெர்டினாண்ட்ஸ் என்னும் இளைஞர் தங்கியிருந்தார். இம்பே அம்மையார் அவரை மணக்க விரும்பிக் கடிதம் எழுதினார். அது மேயோவின் கைக்குச் சென்றதும் வந்தது வினை. இம்பே அறிவிழந்தவர், அவரோடு இனி ஒரே மேடையில் ஏறலாகாது என்று மேயோ வற்புறுத்தினார். ஒரு வெள்ளை மாது ஒரு கருநிற இளைஞரை விரும்பியது குற்றமாகாது, கடிதம் எழுதியது அறியாமையாக வேண்டுமானால் இருக்கலாம் என்று ஐடா அம்மையார் தம் நண்பரைக் கைவிட மறுத்தார். மேயோ அன்றே அவரோடும் உறவை முறித்துக்கொண்டார். கறுப்பினத்தாரைக் கொல்லாதே என்று மேடையில் முழங்கியவர், தம் வீட்டு மாணவருக்கு வந்த ஒரு காதற்கடிதத்தின் முன் தடுமாறிவிட்டார். முதற்பயணம் இதனாலேயே குறுகியது.

இரண்டாம் பயணம் பெருவெற்றி. லிவர்பூல், மான்செஸ்டர், லண்டன் என நகர்தோறும் கூட்டங்கள். தென்னாட்டுப் பருத்தியை வாங்கும் நாடு இங்கிலாந்தாதலால், அங்கெழுந்த பேச்சு மெம்ஃபிஸ் வணிகர்க்குச் சுட்டது. மெம்ஃபிஸ் தாள் ஒன்று அம்மையாரின் ஒழுக்கத்தைப் பழித்தெழுதி இங்கிலாந்தில் பரப்பிற்று; அவ்வசையைப் படித்த ஆங்கிலேயர்க்கு எழுதியவர்மீதே அருவருப்புத் தோன்றியது. லண்டனில் கும்பல் கொலைகளை எதிர்க்கும் குழுவொன்று அமைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் மெம்ஃபிஸ் அருகே மேலும் அறுவர் கொல்லப்பட்டபோது, 1892இல் வாய்மூடியிருந்த நகர வணிகர்கள் கூட்டங்கூடிக் கண்டித்தனர், விதவைகளுக்குப் பணந்திரட்டினர், வெள்ளையர் பதின்மூவர்மீது குற்றம் பதிவாயிற்று. பின்னர் அவர்கள் விடுதலையும் ஆயினர். பேச்சு மாறிய அளவுக்கு நடுவர் மன்றம் மாறவில்லை.

1895இல் வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்து சிகாகோவில் குடியேறினார். தம் பெயரை விடாமல் வெல்ஸ்-பார்னெட் என்று இணைத்துக்கொண்டார். மக்கள் நால்வர். 1898இல் தெற்குக் கரோலினாவில் கறுப்பினப் போஸ்டுமாஸ்டர் ஒருவரும் அவர் கைக்குழந்தையும் கும்பலால் கொல்லப்பட்டபோது, தம் கைக்குழந்தையோடு வாஷிங்டன் சென்று குடியரசுத் தலைவர் மக்கின்லியிடம் முறையிட்டார்.

1909இல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம் தோன்றியது. ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் முந்திய ஆண்டு நடந்த வெறியாட்டமே அதன் பிறப்புக்குக் காரணம். ஆயினும் அமைப்புக் குழுவின் பட்டியல் படிக்கப்பட்டபோது, பதினேழாண்டாக அதே பணியைச் செய்த ஐடா வெல்ஸின் பெயர் இல்லை. விட்டுவிட்டவர் டூபாய்ஸ் பேரறிஞர். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் கடிதம் எழுதிய அதே டூபாய்ஸே இவர். பெயர் பின்னர்ச் சேர்க்கப்பட்டதெனினும் மனக்காயம் ஆறவில்லை. அம்மையார் கடுஞ்சொல்லர், விட்டுக்கொடுத்துப் பழகாதவர், சங்கங்களில் நெடுநாள் ஒத்துப் போனவரல்லர். அவர் வாழ்வை எழுதுவோர் இதனை மறைப்பது அவருக்கே பிடித்திராது.

அதே 1909 நவம்பரில் இல்லினாய் மாநிலத்துக் கெய்ரோ ஊரில் ஒரு கறுப்பினத்தார் கும்பலால் கொல்லப்பட்டார். கைதியைக் கும்பலிடம் இழந்த ஷெரீப் பதவியிழப்பார் என்று 1905இல் அம்மாநிலம் சட்டம் செய்திருந்தது. ஷெரீப் நீக்கப்பட்டார், மீண்டும் பதவி கேட்டு ஆளுநரிடம் வந்தார். எதிர்த்து வாதாட ஆளில்லை. முன்வந்து முன்வந்து பழிச்சொல் கேட்டுச் சலித்திருந்த அம்மையார் இம்முறை போவதில்லை என்று படுத்துவிட்டார். மூத்த மகன் வந்து, அம்மா போகாவிட்டால் வேறு யாரும் போகமாட்டார்களே என்றான். மறுநாள் புறப்பட்டார். கெய்ரோவில் அவர் கண்டது அதிர்ச்சி: கறுப்பினத்தாரே பலர் ஷெரீப் நல்லவர், செத்தவன் ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொல்லிக் கையொப்பமும் இட்டிருந்தனர். அம்மையார் அவர்களைத் திட்டவில்லை. கோயிலில் கூட்டி, அன்று சிறையில் நடந்ததையும் ஷெரீப் செய்யாது விட்டதையும் படிப்படியாகக் கேட்டார். செத்தவன் எத்தகையவன் என்பதன்று வினா. இன்று இதற்கு உடன்பட்டால் நாளை யாரைக் காப்பர் என்பதே வினா என்று விளக்கினார். கூட்டம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆளுநர் முன் வழக்கறிஞர்களுக்கு எதிரே தனியொருவராய் நின்று வாதாடினார். ஷெரீப்புக்குப் பதவி திரும்பவில்லை.

1913 மார்ச்சில் வாக்குரிமை வேண்டி வாஷிங்டனில் நடந்த மாதர் ஊர்வலத்தில், கறுப்பினத்தார் கடைசியில் வரவேண்டுமென்றனர். அவர் பாதிவழியில் தம் மாநிலத்து வரிசையினுள் நுழைந்து நடந்தார். 1917இல் கறுப்பினப் போர்வீரர் பதின்மூவர் தூக்கிலிடப்பட்டபோது, அவர்கள் நினைவாகச் சட்டைப் பொத்தான் செய்து வழங்கினார். இரகசியப் போலீசார் இருவர் வந்து தேசத்துரோகமென்று மிரட்டினர். பொத்தான்களை ஒப்படைக்க மறுத்துவிட்டார்.

1919 இலையுதிர்காலத்தில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்து எலெய்ன் பகுதியில், பருத்திக்கு நியாய விலை கேட்கக் கூடிய குத்தகை உழவர்கள்மேல் துப்பாக்கிகள் பாய்ந்தன. கறுப்பினத்தார் பெருந்தொகையினர் மாண்டனர். தூக்குத் தண்டனை பெற்றோரும் கறுப்பினத்தாரே, பன்னிருவர். அம்மையார் 1920 தொடக்கத்தில், கைதிகளின் மனைவியருடன் உறவினர்போல் சிறைக்குள் சென்றார். ஏறத்தாழ முப்பது ஆண்டுக்குப்பின் அவர் தென்னாட்டில் கால்வைத்தது அதுவே முதன்முறை. காவலன் அந்தக் கிழவியைப் பொருட்படுத்தவில்லை. கைதிகள் பகைவரை மன்னித்தும் மறுமையை வேண்டியும் பாடிக்காட்டினர். கேட்டிருந்த அம்மையார், சாவைப் பற்றிப் பாடியது போதும், வெளியே வருவதைப் பற்றி எண்ணுங்கள் என்று கூறி, ஒவ்வொருவரிடமும் நிலம் எத்தனை, பருத்தி எத்தனை பேல், இழந்தது என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அக்குறிப்பே நூலாக வந்தது. 1923இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனைகளில் நேரிய விசாரணை நடைபெறவில்லை என்ற முறையீட்டை ஏற்றது. 1925க்குள் பன்னிருவரும் வெளிவந்தனர்.

அறிமுகமான இளம்பெண் ஒருத்தி, தங்களைப் பெருமையாகப் பேசுகிறார்களே, தாங்கள் செய்ததுதான் என்ன என்று ஒருமுறை கேட்டாள். கெட்ட எண்ணத்தால் கேட்கவில்லை, அவளுக்குத் தெரியவில்லை. அதன்பின்னரே அம்மையார் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1931 மார்ச்சு 25ஆம் நாள் சிகாகோவில் காலமானபோது அது முற்றுப்பெறாமல் ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றிருந்தது. மகள் அதனைப் பதிப்பித்து வெளியிட 1970 ஆயிற்று.

அவர் கேட்ட மத்தியச் சட்டமும் அவ்வாறே தாமதித்தது. 1922இல் கீழ்ச்சபை நிறைவேற்றிய மசோதாவை மேல்சபையில் தென்னாட்டார் முடக்கினர். 1955இல் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் மிசிசிப்பியில் கொல்லப்பட்டபோது, அவன் தாய் சிதைந்த முகத்தை ஊரார் காணட்டுமென்று பெட்டியைத் திறந்து வைத்ததும் இதே சிகாகோவில்தான். 2020இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு போலீசாரின் பிடியில் இறந்ததும் மக்கள் மீண்டும் தெருவுக்கு வந்தனர். 2022 மார்ச்சு 29ஆம் நாளில்தான் கும்பல் கொலையைத் தனிக்குற்றமாக்கும் சட்டம், அச்சிறுவனின் பெயரால், கையொப்பமாயிற்று. தாமஸ் மோஸ் இறந்து 130 ஆண்டு கடந்திருந்தது. அந்நிகழ்ச்சியில் பேசியோருள் ஐடா வெல்ஸ் அம்மையாரின் கொள்ளுப்பேத்தியும் ஒருவர். அதற்கு முந்திய ஆண்டு ஜூலையில், அம்மையார் கால்வைத்தால் கொல்வோம் என்றிருந்த மெம்ஃபிஸ் நகரில், பீல் தெருவில், அவருக்கு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது.